ஜிலேபிக்கு ஒரு நேரம், தாஜ்மஹாலுக்கு ஒரு கிழமை

வடக்கே நாலைந்து நாள் சுற்றிப் பார்த்து, தெருக்கடைகளிலும் ஒரு கை பார்த்துவிட்டு வர நினைக்கும் கொங்கு வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் பயணப் பகுதிக் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டா கையில அஞ்சு நாள் இருக்குமுங்க. தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ் நாலையும் ஒரே சுத்துல பாத்துட்டு வந்துரலாமுங்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: சுற்றிவிட்டு வரலாம், பார்த்ததாகச் சொல்ல முடியாது. தில்லியிலிருந்து வேகமான ரயிலில் ஆக்ரா 2 மணி நேரம், ஜெய்ப்பூர் நாலரை மணி நேரம், அமிர்தசரஸ் 6 மணி நேரம். நாலையும் தொட்டால் ஐந்து நாளில் இரண்டு நாள் ரயிலிலும் ஸ்டேஷன் வாசலிலுமே போய்விடும். தில்லியோடு இன்னொரு ஊர், அவ்வளவுதான் ஐந்து நாளுக்குத் தாங்கும். முதல் முறை போகிறவர்களுக்கு அந்த இன்னொரு ஊர் ஆக்ராவாகவே இருக்கட்டும்.

டிக்கெட் போடுமுன் காலண்டரை எடுங்கள். தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. சாந்தினி சௌக்கில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் கதவடைத்திருக்கும், தின்பண்டக் கடைகள் மட்டும் பலவும் திறந்திருக்கும். குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, ஆக்ரா கோட்டை ஆகியவற்றுக்கு வார விடுமுறை இல்லை. சுதந்திர தினம், குடியரசு தினம் ஒட்டிய நாட்களில் பாதுகாப்புக்காகச் செங்கோட்டைக்குள் விடுவதில்லை.

இதை வைத்துப் பார்த்தால் புதன்கிழமை கிளம்புவதுதான் ஐந்து நாள் பயணத்துக்குத் தோது. கோவையிலிருந்து தில்லிக்கு நேரடி விமானம் 3 மணி நேரம். புதன் மதியம் இறங்கி, மாலையில் இந்தியா கேட், கன்னாட் பிளேஸ். வியாழன் விடியலில் ஆக்ரா, இரவு தில்லிக்குத் திரும்புதல். வெள்ளி முழுக்கப் பழைய தில்லி. அன்று நடுப்பகலில் ஜும்மா தொழுகை என்பதால் ஜாமா மசூதியைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, நேரமிருந்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர். அங்கே இருப்பது நம் சுவாமிநாதர்தான். ஞாயிறு ஊர் திரும்புதல்.

தீபாவளி லீவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சமயத்தில் சுற்றுவட்ட மாநிலங்களில் நெல் தாள் எரிக்கும் புகையும் வெடிப் புகையும் சேர்ந்து தில்லியின் மேல் நகராமல் நிற்கும். தொண்டை கரகரக்கும், கண் எரியும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது சுற்றுலாவே அல்ல. தீபாவளி முடிந்த 6-ஆம் நாள் சட் பூஜை. அதற்காக ஊர் போகிறவர்களால் தில்லியிலிருந்து காசி, பாட்னா பக்கம் போகும் ரயில்கள் நிரம்பி வழியும். உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்க்காரர்களைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்கள். லீவை மாற்றிக்கொள்ள வழியுண்டு என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை போங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஜெய்ப்பூரில் கூடுதல் நாள் தங்கித் தில்லியை ஒரே நாளில் முடித்துக்கொள்வது மேல்.

கேள்வி: விமானம் வேண்டாமுங்க, ரயிலில் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். எந்த வண்டி, எப்படி டிக்கெட் எடுப்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: தினமும் ஓடுவது கேரளா எக்ஸ்பிரஸ். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நாலிலும் நிற்கும். இரவு ஏறினால் மூன்றாம் நாள் தில்லி. வாரம் ஒருமுறை கோவையிலிருந்து தில்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குக் கொங்கு எக்ஸ்பிரஸும் உண்டு.

பலரும் கவனிக்காத ஒன்று: கேரளா எக்ஸ்பிரஸ் ஆக்ரா கன்டோன்மென்ட் தாண்டித்தான் தில்லிக்குப் போகிறது. ஆகவே ஆக்ரா வரைக்கும் ஒரு டிக்கெட், மறுநாள் ஆக்ராவிலிருந்து தில்லிக்குத் தனி டிக்கெட் எடுங்கள். தில்லி போய் மறுபடி ஆக்ராவுக்குத் திரும்பும் 400 கிலோமீட்டர் அலைச்சல் மிச்சம். இறங்கும் நாள் வியாழனாக அமைந்தால் மறுநாள் தாஜ் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். நீண்டதூர வண்டி சில மணி நேரம் தாமதமாவது சகஜம். இறங்கிய அன்று ஆக்ரா கோட்டை, மறுநாள் விடியலில் தாஜ் என்று வைத்துக்கொண்டால் தாமதம் உங்களைப் பாதிக்காது.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். போக, வர இரண்டு டிக்கெட்டும் ஒரே நாளில் திறக்காது. பயண நாள் எதுவோ அதிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, இரண்டு தேதிகளைத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். தட்கல் பயணத்துக்கு முந்தின நாள்தான்: ஏசி வகுப்புக்குக் காலை 10, தூங்கும் வகுப்புக்கு 11. இணையத்தில் தட்கல் எடுக்க ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் இணைத்திருக்க வேண்டும். இதை அன்று காலையில் செய்யலாம் என்று விட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

தில்லியில் புது தில்லி, பழைய தில்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விகார் என்று ஸ்டேஷன்கள் பல. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறதோ அதைப் பார்த்து அறை எடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாயங்கால நெரிசலில் ஒரு மணி நேரம்கூட ஆகும். பெட்டிகளை ஸ்டேஷன் கிளாக் ரூமில் வைக்கப் பூட்டும் ரயில் டிக்கெட்டும் அவசியம். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள்.

கேள்வி: பழைய தில்லியில் என்னென்ன சாப்பிடலாம் என்று பட்டியல் நிறையக் கிடைக்கிறது. எந்த வரிசையில், எவ்வளவு என்றுதான் யாரும் சொல்வதில்லை. நாங்கள் நான்கு பேர்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியான கேள்வி. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. நேரம் தவறிப் போனால் ஆறிப்போனதோ மிச்சமோதான் கிடைக்கும், அல்லது கடையே இருக்காது.

காலை எட்டரைக்கு மெட்ரோ மஞ்சள் தடத்தில் சாவ்ரி பஜார் இறங்குங்கள். முதலில் பேட்மி பூரி, உருளைக்கிழங்குக் கறி. உளுந்தை அரைத்து மசாலாவோடு மாவில் சேர்த்துப் பொரிக்கும் கெட்டியான பூரி அது. தட்டுக்கு இரண்டு வரும். நாலு பேருக்கு இரண்டு தட்டு போதும். நம் ஆட்கள் தவறுவது இங்கேதான்: பசியில் ஆளுக்கொரு தட்டு வாங்கிவிட்டு, பத்து மணிக்கே வயிறு நிறைந்து, மீதித் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நாகோரி அல்வா கிடைத்தால் ஒரு செட் வாங்கிப் பங்கிடுங்கள். சின்ன மொறுமொறுப் பூரியும் ரவை அல்வாவும் சேர்ந்தது. காலையில் மட்டும்தான் போடுவார்கள்.

அங்கிருந்து நடந்தே ஜாமா மசூதி. முழங்கால் மூடிய உடை வேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு துணிப்பை இருந்தால் நல்லது. பிறகு வெள்ளிக்கடைகள் இருக்கும் தரீபா கலான் தெரு வழியே சாந்தினி சௌக் பெரிய வீதிக்கு வந்தால், மூலையிலேயே 1884-இல் தொடங்கிய பழைய ஜிலேபிக் கடை. நம்மூர் ஜிலேபியைவிடத் தடிமன், நெய்யில் பொரிப்பது. எடைக்குத்தான் தருவார்கள். நாலு பேருக்கு 200 கிராம், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

பெரிய வீதியில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனம் விடுவதில்லை. ஆகவே நிம்மதியாக நடக்கலாம், முடியாதவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா உண்டு. ஏறுமுன் மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள், தலைக்கா வண்டிக்கா என்பதையும் சேர்த்து. வழியில் சீஸ்கஞ்ச் குருத்வாரா. தலையை மூடிக்கொண்டு உள்ளே போகலாம்.

பதினொன்றரை வாக்கில் பராட்டா தெரு. அங்கே பராட்டாவைக் கல்லில் சுடுவதில்லை, வாணலியில் நெய்விட்டுப் பொரித்தே எடுக்கிறார்கள். உருளை, முள்ளங்கி, பட்டாணி, ரப்டி என வகை ஏராளம். நாலு பேருக்கு இரண்டு பராட்டா. எங்கள் கருத்தைக் கேட்டால், பெயருக்குத் தகுந்த ருசி அங்கே இப்போது எல்லாக் கடையிலும் இல்லை. தெருவைப் பார்க்கப் போங்கள், வயிற்றை நிரப்பப் போக வேண்டாம்.

அடுத்து வீதியின் மேற்குக் கோடியில் ஃபதேபுரி மசூதி, அதையொட்டிக் காரி பாவ்லி மசாலா சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மல் வரும், கைக்குட்டை தயாராக இருக்கட்டும். திரும்பும் வழியில் மெட்ரோ வாசல் பக்கம் தஹி பல்லா, அதாவது தயிரில் ஊறிய உளுந்து வடை. நம் தயிர்வடையைவிட மென்மை, மேலே இனிப்புப் புளிச்சட்னி. ஆளுக்குப் பாதித் தட்டு. கடைசியில் மறுபடி சாவ்ரி பஜார் பக்கம் சந்துக்குள் இருக்கும் பழக் குல்ஃபி: மாம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாலை ஊற்றி உறைய வைப்பது. ஒன்றை வெட்டினால் இரண்டு பேருக்குப் போதும்.

கேள்வி: பானிபூரி தண்ணியில வயிறு போயிரும்னு வீட்டுல பயமுறுத்தறாங்க. நெசமாவே அப்படித்தானுங்களா? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பயம் முழுக்கப் பொய்யல்ல. கரூர் கரமோ சேலம் தட்டுவடை செட்டோ வாங்கும்போது கடைக்காரர் கையையும் வாளித் தண்ணீரையும் ஒரு கண் பார்ப்பீர்களே, அதே கண் அங்கேயும் வேண்டும்.

பொரித்த பண்டம் கொதிக்கும் எண்ணெயிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு வந்தால் கிருமி பிழைக்காது. ஆபத்து அதன் மேல் விழும் பச்சைப் பொருட்களில்: புதினாச் சட்னி, நறுக்கி வைத்த வெங்காயம், வெயிலில் நின்ற தயிர், ஐஸ் போட்ட தண்ணீர். ஆலு டிக்கியை, அதாவது உருளைக்கிழங்கு வடையை, கல்லிலிருந்து எடுத்ததும் இனிப்புப் புளிச்சட்னியோடு வாங்குங்கள். புளியும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய அது பச்சைச் சட்னியைவிடத் தாங்கும். கோல்கப்பா (பானிபூரிக்கு அங்கே அதுதான் பெயர்) என்றால் பாட்டில் தண்ணீர் அல்லது சுத்திகரித்த தண்ணீரில் கரைக்கும் கடையில், கையை முக்காமல் கரண்டியிலோ குழாயிலோ ஊற்றுகிற இடத்தில் மட்டும் சாப்பிடுங்கள். முடித்ததும் ‘சூகி பூரி’ என்று கேட்டால் தண்ணீர் இல்லாமல் ஒரு பூரி கொசுறாகத் தருவது அங்கே வழக்கம்.

மாலை 5 முதல் 8 மணிவரை கூட்டம் மொய்க்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். சரக்கு தங்காமல் ஓடுவதுதான் அங்கே காப்பு. மதியம் 3 மணிக்கு ஈ மொய்க்கும் சமோசாவைத் தொட வேண்டாம். வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட கரும்புச்சாறு இரண்டும் கூடவே கூடாது. மண்குவளையில் வரும் சுடு டீ எப்போதும் பத்திரம்.

அழுக்கை விட அளவால் வயிறு கெடுபவர்களும் உண்டு. தேங்காயெண்ணெய், கடலெண்ணெய் பழகிய உடம்புக்கு ஒரே நாளில் நெய், வனஸ்பதி, கடுகெண்ணெய் மூன்றும் சேர்ந்தால் மந்தம் தட்டும். முதல் நாள் தெருத்தீனி ஒரு வேளை போதும். இரண்டாம் நாளிலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள். இரவு உணவை ரொட்டி, மஞ்சள் பருப்பு என்று எளிமையாக வையுங்கள்.

பையில் ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. பெரிய பொட்டலம் ஒன்றை முழுசாக 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலம் கொட்டினால் உப்பு அதிகமாகி உபத்திரவம்தான். பொட்டலம் இல்லாத இடத்தில் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார். சோறு இல்லாமலும் முடியாது. கூட்டிப் போகலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக. சைவத்துக்கும் வெங்காயம் விலக்கியவர்களுக்கும் வடக்கே நம்மூரைவிட வசதி அதிகம். ‘பினா பியாஸ், பினா லஹ்சுன்’ என்று சொன்னால் எந்தக் கடையிலும் புரியும். காலைப் பூரிக் கறிகளில் பெருங்காயம்தான் தூக்கலாக இருக்கும், இருந்தாலும் கேட்டுவிடுங்கள். சோற்றுக்கு மதிய நேரம்தான் நல்ல நேரம்: தில்லியில் கடி சாவல், அதாவது நம் மோர்க்குழம்புக்கு ஒன்றுவிட்ட உறவு, பல கடைகளில் கிடைக்கும். ராஜ்மாவில் வெங்காயம் பூண்டு இருக்கும் என்பதால் அம்மாவுக்கு வேண்டாம். இரவில் வெறும் சோறும் ‘சாதா தஹி’யும் வாங்கினால் தயிர்சாதம் ஆயிற்று, கொஞ்சம் ஊறுகாய் மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். கரோல் பாக் பக்கம் அறை எடுத்தால் தென்னிந்திய மெஸ்களும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்.

காலாண்டு விடுமுறையில் போனால் அநேகமாக நவராத்திரியோடு சேரும். அப்போது விரதச் சாப்பாடு என்று தனித்தட்டே போடுவார்கள், வெங்காயம் பூண்டு அறவே இருக்காது. ஆனால் அதில் அரிசியும் இருக்காது, குட்டு எனும் விரதத் தானிய மாவில் செய்த பூரியும் ஜவ்வரிசியும்தான்.

வயதானவர்களுக்கு உண்மையான சிரமம் நடைதான். தாஜ்மஹாலுக்கு வண்டிகள் வாசல் வரை போகாது. கடைசித் தூரத்துக்கு பேட்டரி வண்டி கேளுங்கள்.

கேள்வி: தாஜ்மஹாலுக்குள் நடைமுறை என்ன? காலை டிபன் எங்கே?
– வாசகர், தாராபுரம்

பதில்: சூரியன் உதிக்க அரை மணி முன்பு திறக்கிறார்கள். இந்தியருக்கு நுழைவு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக மேலும் 200 ரூபாய். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும். தின்பண்டம், சிகரெட், தீப்பெட்டி, கேமரா முக்காலி எதுவும் உள்ளே போகாது, தண்ணீர் பாட்டில் போகும். பெரிய பையோடு வரிசையில் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், அந்த அரை மணி வீணாகும். கிழக்கு, மேற்கு இரண்டு வாசல்தான் நுழைய.

எட்டரைக்கு வெளியே வந்தால் பேடையும் ஜிலேபியும்தான் ஆக்ராவின் காலை டிபன். பருப்பு மசாலா வைத்த பூரி, காரமான உருளைக் கறி, மேலே ஒரு கரண்டி தயிர். முற்பகலுக்குள் தீர்ந்துவிடும். ‘மிர்ச்சி கம்’ என்று சொல்லாவிட்டால் கொங்கு நாக்குக்கும் உறைக்கும்.

கேள்வி: நாங்கள் அசைவம். ஜாமா மசூதி பக்கம் சாப்பிடும்போது கவனிக்க வேண்டியது?
– வாசகர், நாமக்கல்

பதில்: மசூதியின் 1-ஆம் வாசலுக்கு எதிரே மட்டியா மஹால் தெரு. 1913-இல் தொடங்கிய கரீம் உணவகம் உட்படக் கடைகள் வரிசையாக இருக்கும். நிஹாரி, அதாவது நெடுநேரம் வேகவைத்த இறைச்சிக் குழம்பு, விடியற்காலைப் பண்டம், வெயில் ஏறுமுன் தீர்ந்துவிடும் கடைகள் உண்டு. சீக் கபாபுக்கு மாலை ஆறுக்கு மேல் போங்கள், கரி அடுப்பு அப்போதுதான் முழுச்சூட்டில் இருக்கும். நிஹாரியும் கபாபும் பல கடைகளில் எருமை இறைச்சி. ‘படே கா’ என்றால் எருமை, ‘பக்ரே கா’ என்றால் ஆடு. விலை மலிவாக இருந்தால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். பள்ளிபாளையம் சிக்கனின் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம், அங்கே நெய்யும் கரம் மசாலாவும்தான் முன்னால் நிற்கும்.

கேள்வி: அரையாண்டு லீவில் டிசம்பர் கடைசியில் போனால் குளிர் தாங்குமா?
– வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: ஊட்டி அடிவாரத்தில் இருக்கும் உங்களுக்குக் குளிர் புதிதல்ல. தொல்லை பனிமூட்டம்தான். விடியற்கால ரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாகும், தாஜ்மஹால் முன்னால் நின்றாலும் தாஜ்மஹால் தெரியாத காலைகள் உண்டு. அந்த மாதங்களில் தாஜுக்குப் பகல் 11 மணிக்கு மேல் போங்கள். திரும்பும் விமானத்தை மதியத்துக்கு மேல் போடுங்கள். வேலைக்குச் சேரும் நாளுக்கும் ஊர் திரும்பும் நாளுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

ஆனால் குளிருக்கென்றே ஒரு பண்டம் இருக்கிறது: தௌலத் கி சாட். பாலைப் பனியில் வைத்துக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூவும் சர்க்கரையும். வெயில் ஏறினால் அமுங்கிவிடும் என்பதால் குளிர்காலத்தில் மட்டும், காலையில் மட்டும். காசியில் இதையே மலாய்யோ என்கிறார்கள். சிவப்புக் கேரட்டில் செய்யும் காஜர் அல்வாவுக்கும் இதுதான் பருவம்.

கேள்வி: அமிர்தசரஸ் மட்டும் இரண்டு நாள் போதுமா?
– வாசகர், அவிநாசி

பதில்: போதும். பொற்கோயிலுக்கு இரவு ஒருமுறை, விடியலில் ஒருமுறை போங்கள். தலை மூட வேண்டும், கால் கழுவும் தொட்டி வழியேதான் உள்ளே போக முடியும். குளிர்காலத்தில் சலவைக்கல் ஐஸாக இருக்கும், மிதியடி விரிப்பின் மேல் நடங்கள். லங்கர் சாப்பாடு இரவு பகல் எந்நேரமும் உண்டு, இலவசம். ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்குவது மரபு, தட்டில் மீதம் வைக்கக் கூடாது. மறுநாள் காலை தந்தூர் அடுப்பில் சுடும் குல்சா, கொண்டைக்கடலை, புளிவெங்காயச் சட்னி. ஆளுக்கு ஒன்றே போதும், மேலே வைக்கும் வெண்ணெய் அவ்வளவு. அத்தாரி–வாகா எல்லைக் கொடியிறக்கம் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், 2 மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பையை அறையிலேயே விட்டுவிடுங்கள், அனுமதி இல்லை.

கேள்வி: ஆட்டோக்காரர்கள், புரோக்கர்கள் ஏமாற்றுவது எப்படி?
– வாசகர், காங்கேயம்

பதில்: மூன்று வசனங்கள்தான். ‘இன்று கோட்டை மூடியிருக்கிறது’, ‘உங்கள் ஓட்டல் போன வாரமே மூடிவிட்டார்கள்’, ‘ரயில் டிக்கெட்டில் முத்திரை வாங்க வேண்டும்’. மூன்றும் உங்களைக் கமிஷன் கடைக்கோ போலி டூரிஸ்ட் ஆபீசுக்கோ கூட்டிப்போவதற்குத்தான். புது தில்லி ஸ்டேஷனின் பஹாட்கஞ்ச் பக்கம் அதிகம் கேட்கும். நிற்காமல் நடங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ இருக்கிறது: மூன்றாம் டெர்மினலிலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் தடம், முதல் டெர்மினலுக்கு மெஜந்தா தடம். எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆக்ரா பேட்டா வாங்கி வந்தால் எத்தனை நாள் இருக்கும்?
– வாசகி, கரூர்

பதில்: உலர்ந்த வெள்ளைப் பேட்டா என்றால் ஈரம் படாமல் டப்பாவில் இரண்டு வாரம் தாராளம். வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, பாகில் காய்ச்சி எடுப்பது அது. சுண்ணாம்பில் ஊறியதால்தான் கரையாமல் கடிக்க நறுக்கென்று இருக்கிறது. பாகில் மிதக்கும் அங்கூரி பேட்டா சீக்கிரம் புளித்துவிடும், ரயில் பயணத்துக்கு ஆகாது. பேர் பெற்ற ஒரு கடையின் பெயரையே சின்னச் சின்ன மாற்றத்தோடு பத்துக் கடைகள் பலகையில் எழுதியிருக்கும். வண்டிக்காரர் நிறுத்தும் கடையில் வாங்காமல், ஒரு துண்டு ருசி பார்த்து, அன்றே போட்ட சரக்கா என்று கேட்டு, எடை போட்டு வாங்குங்கள்.